மனநல வார்டுக்கு யாரை அனுப்புகிறோம்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களில் அந்தப் பிரிவை விரும்பிக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. பணியிடம் ஒதுக்கும் கலந்தாய்வு நாளன்று சொந்த மாவட்டத்துக் காலியிடங்களை மூத்தவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் எது மிச்சம் இருக்கிறதோ அதற்குத் தலையசைத்தவர்கள்தான் அதிகம். பொது மருத்துவமனைக்குள்ளேயே பணிப்பட்டியல் மாறும்போது மகப்பேறு வார்டிலிருந்தோ எலும்பு முறிவு வார்டிலிருந்தோ மாற்றப்பட்டு வருபவர்களும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் முதல் நாள் அவர்கள் கையில் கிடைப்பது ஒரு சாவிக்கொத்து, மருந்துப் பதிவேடு, "பக்கத்துல போறப்போ பாத்துப் போம்மா" என்கிற ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

மனநல வார்டுகளில் நீண்ட காலம் பணியாற்றிவிட்டு, இப்போது செவிலியர் மாணவர்களை அதே போன்ற வார்டுகளுக்குக் களப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியையாக இருக்கிறேன். நம் மனநலச் சேவையின் பெருங்குறை இந்த முதல் நாளில் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். மருத்துவர் பற்றாக்குறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருக்கிறார்கள் என்ற கணக்கு நாடாளுமன்றக் குழு அறிக்கை வரை எட்டியிருக்கிறது. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் உள்நோயாளி ஒருவரை மருத்துவர் ஒரு நாளில் பார்ப்பது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுவதும், அவர் தூங்காமல் நடக்கிற இரவு உட்பட, உடன் இருப்பது செவிலியர். அந்தச் செவிலியர் யார், அவருக்கு என்ன தெரியும், அவர் இன்னும் எத்தனை காலம் அங்கே இருப்பார் என்ற கேள்விகளை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகச் சொன்னது. நோய்க்கு ஏற்றபடி 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். இந்த இடைவெளியை மருத்துவரை மட்டும் வைத்து நிரப்ப எந்த நாட்டாலும் முடிந்ததில்லை. மனநலச் சேவை ஓரளவு ஒழுங்காக நடக்கும் நாடுகளில் அதன் முதுகெலும்பாக இருப்பவர்கள் செவிலியர்களே.

நம்மிடம் பயிற்சி பெற்ற செவிலியர் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பொதுச் செவிலியம் முடித்துப் பதிவு பெற்றவர்கள் ஓராண்டு படிக்கும் மனநலச் செவிலியப் பட்டயம் இருக்கிறது. மனநலச் செவிலியத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் பட்டமும் இருக்கிறது. நிம்ஹான்ஸின் முன்னோடியான நிறுவனத்தில் 1950-களிலேயே இந்தப் பட்டயம் தொடங்கிவிட்டது. ஆனால் படித்து முடித்தவர் எங்கே போகிறார்? என்னுடன் பணியாற்றிய ஒருவர் குடும்பத்தை விட்டுவிட்டு வெளிமாநிலம் போய் இந்தப் பட்டயத்தை முடித்துத் திரும்பினார். திரும்பியதும் அவருக்குக் கிடைத்த இடம் அறுவை சிகிச்சைப் பிரிவு. அங்கே காலியிடம் இருந்தது, அவர் பெயர் வரிசையில் அடுத்ததாக இருந்தது, ஆணை வந்துவிட்டது. அவர் கேட்டபோது, "ஸ்டாஃப் நர்ஸ்னா எல்லா வார்டும் ஒண்ணுதானே சிஸ்டர்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோப்பில் உள்ளதைத்தான் அவர் சொன்னார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையிலும் செவிலியர் என்ற ஒரே பணியிடம்தான் இருக்கிறது. மனநலச் செவிலியர் என்று தனியே ஒரு பணிநிலை இல்லாதபோது, பட்டயம் சொந்த விருப்பத்துக்குப் படித்த ஒன்றாகிவிடுகிறது. படித்தவர் அந்த இடத்தில் இல்லை, அந்த இடத்தில் இருப்பவர் அதைப் படித்ததில்லை. நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1912-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்தையும் 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தையும் கடந்து நாம் வந்து சேர்ந்திருக்கும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையை நடுவில் வைத்த நல்ல சட்டம். ஆனால் அதில் மனநலச் செவிலியர் என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறை, பொதுச் செவிலியத்தில் பட்டயமோ பட்டமோ பெற்றவரையும், மனநலச் செவிலியத்தில் பட்டயமோ பட்டமோ பெற்றவரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. ஆள் கிடைக்காத நாட்டில் வாசலை அகலமாக வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அப்படி எழுதியிருக்கலாம். நடைமுறையில் அதன் விளைவு வேறு. கூடுதலாக ஓராண்டு படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வேறுபாடு இல்லை என்று சட்டத்தின் பெயராலேயே ஒரு நிர்வாகி சொல்லிவிட முடிகிறது.

எண்ணிக்கைக் கணக்கிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. பழைய சட்டத்தின் கீழ் 1990-இல் வந்த விதிகள், பத்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், ஐந்து நோயாளிகளுக்கு ஓர் உதவியாளர் என்று அளவு வகுத்தன. காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். அறுபது படுக்கை வார்டுக்கு ஆறு பேர். மூன்று டூட்டிக்கும் பிரித்து, வார விடுப்பு, மகப்பேறு விடுப்பு, நீதிமன்றத்துக்கோ வேறு மருத்துவமனைக்கோ நோயாளியுடன் துணைக்குப் போகிறவர் எனக் கழித்துப் பாருங்கள். இரவு அந்த அறுபது பேருக்கும் இருப்பது ஒரே ஒருவர். அவரும் மறுநாள் காலை மருந்து இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுத வேண்டும், கேஸ் ஷீட்டுகளை முடிக்க வேண்டும், அடுத்த டூட்டிக்கு வருபவரிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுக்க வேண்டும். நோயாளியிடம் பேசுவது அவருடைய வேலைப் பட்டியலின் கடைசியில்கூட இடம்பெறுவதில்லை.

மனநல வார்டில் தேவைப்படுவது உடல் வலுவே என்ற எண்ணம் இன்னமும் போகவில்லை. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-இல் தொடங்கியது. கீழ்ப்பாக்கத்தில் இப்போதிருக்கும் வளாகத்துக்கு அது 1871-இல் வந்தது. அந்தக் காலத்துக் காப்பகங்களை நடத்தியவர்கள் வார்டர்கள். சிறையில் உள்ள அதே பெயர், ஏறக்குறைய அதே வேலை. பூட்டுவது, எண்ணுவது, அடக்குவது. இன்றைக்கும் ஆண் செவிலியர் ஒருவர் பணியில் சேர்ந்தால், "இவரை மனநலத்துக்குப் போடுங்கள், ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறார்" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த மிகச் சிறந்த மனநலச் செவிலியர்களில் ஒருவர் ஒல்லியான, மெல்லிய குரல் கொண்ட பெண்மணி. அவருடைய டூட்டியில் யாரையும் கட்டிப்போட நேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் திறமை கண்ணுக்குத் தெரியாதது என்பதால்தான் அதற்குப் பணியிடமும் இல்லை, சம்பளமும் இல்லை. சாப்பாட்டில் விஷம் கலந்திருப்பதாக நம்பிய ஒரு பெரியவர் இரண்டு நாளாக எதையும் தொடவில்லை. புதிதாக வந்த செவிலியர் தட்டை அவர் முன்னால் வைத்து, "விஷமெல்லாம் இல்லைய்யா, நல்ல சாப்பாடுதான், சாப்பிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லப் பெரியவருடைய சந்தேகம் ஏறியது. இந்த அம்மா வந்தார். விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெரியவரைச் சாப்பாட்டு வண்டிக்கு அழைத்துப் போய், "ஐயா, எல்லாருக்கும் இதுலேர்ந்துதான் போடுறாங்க. நீங்களே தட்டை எடுங்க, நீங்களே கரண்டியால போட்டுக்குங்க" என்றார். அவர் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவினார், குழம்பு அண்டாவின் அடியிலிருந்து கரண்டியை விட்டு எடுத்தார், வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மா அவரைப் பார்க்காதவர் போலப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாயநம்பிக்கையை வாதாடி உடைக்க முடியாது, ஆமோதிக்கவும் கூடாது, அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாப் பாடநூலிலும் எழுதியிருக்கிறது. தேர்வில் மாணவர்கள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் குழம்பு அண்டாவுக்குப் பக்கத்தில் அதைச் செய்து பார்க்க ஒருவர் காட்டித்தர வேண்டும்.

உடல் நோய்க் கவனிப்பிலும் இதே கதைதான். மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6-க்கும் 1.2 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் மிகச் சில. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டு வலிக்கென்று யாரோ கொடுத்த வலி மாத்திரையைச் சேர்த்து விழுங்கினாலோ அளவு ஏறிவிடும். இரவு டூட்டியில் இருக்கும் செவிலியர், நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று டம்ளரைப் பிடிக்கும்போது தண்ணீர் சிந்துகிறது, நடை தள்ளாடுகிறது, இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார் என்பதை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து டூட்டி மருத்துவரை எழுப்பினால் ஓர் உயிர் தப்பும். சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர் "பேஷண்ட் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்" என்று எழுதிவிட்டு அடுத்த வேளை மாத்திரையையும் கொடுத்துவிடுவார். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி தற்கொலையால் அல்ல. இதயம், சர்க்கரை, தொற்று போன்ற உடல் நோய்களால். "இவர் எப்பவும் இப்படித்தான் எதையாவது சொல்வார்" என்று நெஞ்சுவலியைத் தள்ளிவிடும் வார்டில் அந்த ஆண்டுகள் குறைகின்றன.

இனி மாணவர்களுக்கு நாம் தரும் பயிற்சிக்கு வருகிறேன். இந்தியச் செவிலியர் மன்றத்தின் பாடத்திட்டத்தில் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடம். இளநிலைப் பட்டப்படிப்பில் 1960-களிலிருந்தும் பட்டயப் படிப்பில் 1980-களிலிருந்தும் அது இடம்பெற்றிருக்கிறது. பாடத்திட்டத்தில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. களப்பயிற்சி நடக்கும் விதத்தில்தான் குறை. பல தனியார் கல்லூரிகளுக்கு மனநல வார்டே கிடையாது. சில வாரங்களுக்குப் பெரிய மனநல மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டு, கல்லூரிப் பேருந்தில் மாணவர்களை அழைத்து வருகிறார்கள். ஒரே வார்டில் இரண்டு மூன்று கல்லூரிகள் ஒரே நாளில் வந்து இறங்குவதும் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்ட முப்பது பேர், நன்றாகப் பேசக்கூடிய நான்கைந்து நோயாளிகளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "உங்க பேர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை? நூறிலிருந்து ஏழைக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்ற கேள்விகளுக்கு அவர்கள் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள். ஒரு நோயாளி மாணவியிடம் தானாகவே, "தொண்ணூத்திமூணு, எம்பத்தாறு, எழுதிக்கோம்மா" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம், அதாவது உண்மையில் யாராவது போய் உட்கார வேண்டியவரிடம், ஒருவரும் போவதில்லை. அவரிடம் போனால் நோட்டு நிறையாது.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளியும் மாணவியும் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு பத்தியிலும், அப்போது மாணவி மனத்தில் என்ன ஓடியது என்பதை இன்னொரு பத்தியிலும் எழுதி, ஆசிரியரோடு உட்கார்ந்து அலசும் முறை ஒன்று உண்டு. செவிலியர்–நோயாளி உறவையே சிகிச்சையாகப் பார்க்க வேண்டும் என்று 1950-களில் வலியுறுத்திய அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவின் வழியில் வந்த பயிற்சி அது. ஒழுங்காகச் செய்தால் இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. எந்த இடத்தில் தன் பயத்தால் பேச்சை மாற்றினோம், எந்த இடத்தில் அறிவுரை சொல்லி எதிரே இருப்பவரின் வாயை அடைத்தோம் என்பது எழுத்தில் தெரிந்துவிடும். ஆனால் இன்று அது விடுதியில் இரவு உட்கார்ந்து முந்தைய ஆண்டு மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதப்படும் ஒன்றாகிவிட்டது. முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியை இருக்கும்போது, ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார எந்த ஆசிரியையாலும் முடியாது. மாணவர்கள் மேல் பழி போடுவதில் பொருளில்லை.

இதற்கு நான் முதலில் கேட்பது, ஒரு வார்டுக்கு ஒரு நேரத்தில் எட்டு மாணவர்களுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு. இரண்டாவது, வார்டின் மூத்த செவிலியர் ஒருவரைப் பயிற்றுநராகப் பெயர் குறிப்பிட்டு நியமித்து, அந்த வாரங்களில் அவருடைய வேலைப் பளுவைக் குறைத்து, அதற்கென ஒரு படியும் கொடுப்பது. இப்போது அவரே மருந்து கொடுத்து, அவரே பதிவேடு எழுதி, இடையில் மாணவர்களையும் பார்க்க வேண்டும் என்றால், "அந்த ஓரமா நில்லுங்க பாப்பா" என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன்; இதைச் சொன்னால் சிலர் புருவம் உயர்த்துகிறார்கள். மனநோயிலிருந்து மீண்டு வாழ்பவர்களை, மதிப்பூதியம் கொடுத்து, வகுப்பறைக்கு ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். பிரிட்டனில் செவிலியர் படிப்பை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் சேவை பெற்றவர்கள் பங்கேற்க வேண்டும் என்பது செவிலியர் ஒழுங்காற்று மன்றத்தின் விதி. ஒருமுறை எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பெண், தன்னைக் கட்டிலில் கட்டிவைத்திருந்த இரவில் தனக்கு எல்லாவற்றையும்விட வேண்டியிருந்தது தண்ணீர் என்றும், அறையைக் கடந்து போன ஒவ்வொருவரும் கட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னார். அன்று வகுப்பில் இருந்தவர்கள் கட்டுப்பாட்டு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

கட்டிவைப்பது பற்றிய பிரிவு, ஆள் எடுப்பதோடு நேரடியாகத் தொடர்புள்ளது. 2017 சட்டத்தின் 97-ஆவது பிரிவு, நோயாளியைத் தனியறையில் அடைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடற்கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. ஆட்கள் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த வரியை எழுதியவர்களுக்கு நம் வார்டுகளின் இரவு தெரிந்திருக்கிறது. ஆனால் ஆளே போடாமல் இந்த வரியை மட்டும் அமல்படுத்தச் சொன்னால், அந்தப் பாரம் முழுவதும் இரவு டூட்டியில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். சங்கிலியைக் குற்றம் என்று சட்டம் சொல்லிவிட்டது. சங்கிலி இல்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களை உருவாக்கும் பொறுப்பு அதோடு முடிந்துவிடவில்லை.

பயிற்சியால் இது மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் லென் பவர்ஸ் தலைமையில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வார்டுச் செவிலியர்களுக்கு எளிய சில நடைமுறைகளைப் பழக்கினார்கள். சிகிச்சை பெறுவோரும் பணியாளரும் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொள்வது, மென்மையாகப் பேசுவதற்கான குறிப்புகள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வரும் நாளில் அவரை முன்கூட்டியே போய்ப் பார்ப்பது, ஓவர் கொடுக்கும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் நல்லதாக ஒன்றைச் சொல்வது போன்றவை. அந்த வார்டுகளில் மோதல்கள் 15 விழுக்காடும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் நான்கில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்தன. இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழகியவர்கள் அந்த வார்டிலேயே தங்க வேண்டும். கலந்தாய்வுக்குக் கலந்தாய்வு ஆட்கள் மாறும் இடத்தில் எதைப் பழக்கினாலும் நிற்காது.

ஆள் எடுக்கும் முறையில் பிரிட்டனையே அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மாணவர் சேரும்போதே மனநலச் செவிலியம் என்று தனிப் பிரிவில் சேர்கிறார். அதனால் அந்தப் பிரிவுக்கென்றே ஆர்வத்தோடு ஒரு கூட்டம் வருகிறது. இன்னொன்று, அங்கே நடந்த ஒரு தவறும் நமக்குப் பாடம்: இங்கிலாந்தில் 2017-இல் செவிலியர் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்திக் கடனாக மாற்றியபோது, வேறு வேலை பார்த்துவிட்டுச் சற்று வயதில் வந்து சேர்பவர்கள் விலகிப்போனார்கள். மனநலப் பிரிவுக்கு அப்படி வருபவர்கள்தான் அதிகம். 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, மனநலம் போன்ற ஆள் குறைந்த பிரிவுகளுக்குக் கூடுதலாக 1,000 பவுண்டு வைத்தார்கள். ஆனால் நம் ஊரில் உடல் நோய்ப் பயிற்சி குறைந்த, மனநலம் மட்டுமே தெரிந்த ஒரு செவிலியரை உருவாக்குவது எனக்கு உகந்ததாகப் படவில்லை. லித்தியம் பற்றிச் சொன்னேனே, அந்தக் கண் பொதுச் செவிலியத்தின் அடித்தளத்தில் வருவது. பொதுச் செவிலியம் முடித்தவருக்கு, முழுச் சம்பளத்தோடு, பணிக்காலமாகக் கணக்கிடப்படும் ஓராண்டு மனநலப் பட்டயம் என்பதே நமக்குப் பொருந்தும் வழி.

யாருக்கு அந்த ஓராண்டைக் கொடுப்பது? நேர்காணல் வைத்து மனப்பாங்கைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரசுப் பணியில் நேர்காணல் என்றால் சிபாரிசும் உடன் வந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் பணிமூப்பும் குறையுள்ளவைதான், ஆனாலும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அவைதான் பாதுகாப்பு. ஆகவே நான் வேறொன்றைச் சொல்வேன். புதிதாகப் பணியில் சேரும் செவிலியர் ஒவ்வொருவரும் முதல் ஆண்டில் ஒரு மாதம் நல்ல மனநல வார்டில், பயிற்றுநர் ஒருவரின் கீழ் இருக்கட்டும். அந்த மாதத்தின் முடிவில், விரும்புகிறவர் எழுதிக் கொடுக்கட்டும். அவர்களிலிருந்து பணிமூப்புப்படியே பட்டயத்துக்கு அனுப்பலாம். இந்த வேலை தனக்கு வருமா என்பதை வேறு எவரையும்விட அந்த ஒரு மாதம் பார்த்தவரே நன்றாகச் சொல்வார். பிள்ளைகள் பயப்படுவது முதல் வாரத்தில்தான். கலந்தாய்வில் வேறு இடம் கிடைக்காமல் வந்த ஓர் இளம் செவிலியர் ஓர் ஆண்டு கழித்து என்னிடம், "வீட்ல இன்னும் மெண்டல் ஆஸ்பத்திரினு சொல்லல மேடம், ஜி.எச்.னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஆனா எனக்கு இங்கேர்ந்து போக மனசில்ல" என்றார். அடுத்த கலந்தாய்வில் அவர் மாற்றப்பட்டார். திருமணப் பேச்சில் வேலை செய்யும் இடத்தை மறைக்க வேண்டியிருந்தும் அங்கேயே தங்க விரும்பிய ஒருவரை வைத்துக்கொள்ள நம் விதிகளில் ஒரு வழியும் இருக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தங்குவதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தேர்வு வாரியம் மூலம் வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். போராடிப் போராடி அது 14,000, 18,000 என்று உயர்ந்தது. காலமுறை ஊதியத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் பலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநலச் செவிலியருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. திருச்சியில் 1997-இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய திட்டம் அது. மாதம் ஒருமுறை போட வேண்டிய நீண்ட நாள் ஊசிக்கு வராமல்போனவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, உடல் விறைப்பு இருக்கிறதா என்று கவனிப்பது, அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவது எல்லாம் இவர்களால்தான் முடியும். ஆனால் அந்த இடங்களும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் நிரப்பப்படுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் ஒருவரிடம், நோயாளியோடு பல ஆண்டு நீளும் நம்பிக்கையை வளர்க்கச் சொல்கிறோம்.

அடி வாங்குவதைப் பற்றியும் இங்கே யாரும் பேசுவதில்லை. மனநல வார்டில் நெடுநாள் இருந்த செவிலியர்களில் ஒருமுறையாவது அறை வாங்காதவர்கள் அரிது. அடித்தவர் மீது பெரும்பாலும் அவர்களுக்குக் கோபம் இருப்பதில்லை. மறுநாள் அதே வார்டுக்கு, ஒன்றும் நடக்காதது போல, யாரும் எதுவும் கேட்காமல் திரும்பி வர வேண்டியிருப்பதுதான் அவர்களை உடைக்கிறது. சம்பவம் நடந்த அன்றே மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து பேசுவதும், எதனால் நடந்தது என்று குழுவாகப் பார்ப்பதும், இரண்டு நாள் விடுப்பும் எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. 2017 சட்டத்தின் 31-ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையில் உலக அளவில் ஏற்கப்பட்ட அளவை, சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயல வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-இல். கெடு 2028-இல் முடிகிறது. பட்டயம் படிக்க ஓராண்டு, அதற்கு முன் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சில மாதங்கள், பயிற்றுநர்களை ஆயத்தப்படுத்த இன்னும் சில மாதங்கள். தேர்வு வாரியத்தின் அடுத்த செவிலியர் அறிவிக்கையிலேயே மனநலச் செவிலியர் பணியிடங்கள் மருத்துவமனை வாரியாகத் தனியே அச்சிடப்பட வேண்டும். ஏற்கெனவே பட்டயம் வைத்துக்கொண்டு வேறு வார்டுகளில் இருப்பவர்களுக்கு அந்த இடங்களுக்கு மாற முதல் வாய்ப்பு தரப்பட வேண்டும். அங்கே சேர்ந்தவரை அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது. அவருக்கான பதவி உயர்வும் மனநலப் பிரிவுக்குள்ளேயே கண்காணிப்பாளர் நிலைவரை இருக்க வேண்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படாது. நிதித்துறை ஒப்புதலோடு ஓர் அரசாணை போதும்.